ஃபிட்ஜெட் ஸ்பின்னர்: பேரிங் கழுவுவதிலிருந்து வேகம் அளப்பது வரை முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஸ்பின்னர் செய்வது என் வழக்கம். நடுவில் ஒரு பேரிங், அதைச் சுற்றி ‘கை’ என்று நாம் சொல்லும் மூன்று இதழ்கள்; விரல்களுக்கு இடையில் பிடித்துச் சுண்டினால் சுழலும் பொம்மை இது. பேரிங் என்பது உள்வளையம், வெளிவளையம், இரண்டுக்கும் நடுவில் உருளும் சிறு குண்டுகள். எல்லாருக்கும் ஒரே பலகை, ஒரே பேரிங்தான் கொடுப்பேன். ஆனாலும் ஒரு பிள்ளையின் ஸ்பின்னர் சத்தமே இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கும். பக்கத்துப் பிள்ளையுடையது கரகரவென்று நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கும். கைத்திறனில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. வேலைகளை எந்த வரிசையில் செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் உராய்வைக் குறைக்க வேண்டும். அடுத்துச் சமன்படுத்த வேண்டும். அப்புறம் வேகத்தை அளக்க வேண்டும். எடையில் கை வைப்பது கடைசியில். புதியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே எடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பேரிங்கில் கெட்டியான கிரீஸ் இருக்கும்வரை எந்தக் கை கனமானது என்றே கண்டுபிடிக்க முடியாது. சமன் இல்லாதவரை எடை கூட்டியது உதவியதா, கெடுத்ததா என்றும் தெரியாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் என்னென்ன வேண்டும்

- 608 பேரிங் நான்கு: நடுவுக்கு ஒன்று நல்லது, கைகளுக்கு மூன்று பழையதே போதும்
- 6 மி.மீ. தடிமன் ஒட்டுப்பலகை, உள்ளங்கை அகலத்துக்கு
- 22 மி.மீ. போர்ஸ்ட்னர் பிட் (மரத்தில் அகலமான வட்டத் துளை போடும் முனை), பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்
- எம்8 (8 மி.மீ. தடிமன்) நைலான் போல்ட், நட்
- ஸ்கேட்போர்டு அச்சில் போடும் சிறு வாஷர் இரண்டு
- 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மூடியுள்ள கண்ணாடிப் புட்டி, பழைய பல் துலக்கி
- தையல் இயந்திர எண்ணெய், ஓர் ஊசி
- நகை எடை பார்க்கும் சிறிய மின்தராசு
- பிளாஸ்டிசின் களிமண், வெள்ளை ஒட்டும் டேப், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் டேப்

தராசைச் சோதிக்க எடைக்கல் தேடி அலைய வேண்டாம். 2012-இல் வெளியான மூன்றாம் வரிசை மலேசிய நாணயங்களில் 10 சென் 2.98 கிராம், 20 சென் 4.18 கிராம், 50 சென் 5.66 கிராம். புதிதாக இருக்கும் காசை வைத்துப் பாருங்கள். தராசு அதற்கு மிக அருகில் காட்டினால் நம்பலாம்.

பலகையில் துளை போடும் வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகள் வரையட்டும், தேய்க்கட்டும். துளைக் கருவியைத் தொட வேண்டாம்.

2. நேரமா, கையுணர்வா? முதலிலேயே முடிவு செய்யுங்கள்

‘சார், என்னோடது எவ்வளவு நேரம் சுத்துது பாருங்க’ என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்வது. ஆனால் நீண்ட நேரம் சுழல்வதும் கையில் வைத்திருக்க இதமாக இருப்பதும் ஒன்றல்ல.

நேரம் வேண்டுமென்றால் எண்ணெய் மிகக் குறைவாக, எடை விளிம்பில், வடிவம் வட்டமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டது மேசையில் வைத்துச் சுற்றவே சரி. கையில் கனக்கும், சத்தம் போடும். இதம் வேண்டுமென்றால் சிறிது எண்ணெய், நடுத்தர எடை, சுண்டுவதற்கு வாகான கைகள். இரண்டையும் ஒன்றில் கேட்டால் இரண்டும் அரைகுறையாகத்தான் வரும்.

பேரிங் தயாரிக்கும் ஜப்பானிய நிறுவனமான மினிபியா மிட்சுமி, ஒற்றை விரலில் 24 நிமிடத்துக்கும் மேல் சுழலும் ஸ்பின்னரைச் செய்து கின்னஸ் சாதனை படைத்தது. அதை எட்டப் பார்க்க வேண்டாம். நாம் செய்வது சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பொருள். என் கணக்கில் இதம்தான் முதலில். நேரம் அதற்கு அடுத்தது.

3. பேரிங் வாங்குதல்

608 என்பது அளவைக் குறிக்கும் எண். உள் துளை 8 மி.மீ., வெளி விட்டம் 22 மி.மீ., தடிமன் 7 மி.மீ. ஸ்கேட்போர்டிலும் சக்கரக் காலணியிலும் இருப்பது இதேதான். ஹார்ட்வேர் கடையிலும் விளையாட்டுப் பொருள் கடையிலும் கேளுங்கள். இணையத்திலும் தாராளமாகக் கிடைக்கும்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் கவனியுங்கள். 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்றால் இருபுறமும் தகர மூடி. ரப்பர் மூடியை ஊசியால் நெம்பி எடுத்து மறுபடி மாட்டலாம். தகர மூடி பெரும்பாலும் விளிம்பில் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும், கழற்றினால் வளைந்துபோகும். அதனால் நடு பேரிங் 2ஆர்எஸ் ஆக இருக்கட்டும்.

செராமிக் குண்டு போட்ட பேரிங்கும் கிடைக்கும். சிலிக்கான் நைட்ரைடு குண்டு எஃகைவிடப் பாதி எடைகூட இருக்காது, துருவும் பிடிக்காது. நல்ல பொருள்தான். ஆனால் முதல் ஸ்பின்னருக்கு அதில் காசு போடாதீர்கள். கழுவிய சாதாரண எஃகு பேரிங், கழுவாத செராமிக்கைத் தோற்கடிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

4. கிரீஸை அகற்றுதல்

தொழிற்சாலை கிரீஸ் போடுவது மோட்டாருக்காக. பாரம் தாங்கிப் பல ஆண்டு ஓட வேண்டிய பேரிங்குக்கு அது தேவை. விரலால் சுண்டும் பொம்மைக்கு அது வெறும் பிசின். குண்டு ஒவ்வொரு முறை உருளும்போதும் கிரீஸைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

ஊசியை ரப்பர் மூடியின் உள்விளிம்பில் நுழைத்து மெதுவாக நெம்புங்கள். வெளிவிளிம்பில் குத்தினால் ரப்பர் கிழியும். இரண்டு மூடியும் வந்த பிறகு பேரிங்கைப் புட்டியில் போட்டு, மூழ்கும்வரை ஆல்கஹால் ஊற்றி மூடிக் குலுக்குங்கள். அரை மணி நேரம் ஊறட்டும். துலக்கியால் தேய்த்து, புது ஆல்கஹாலில் மறுபடி குலுக்குங்கள். நீர் கலங்காமல் இருந்தால் போதும். கிரீஸ் பிடிவாதமாக இருந்தால் முதல் கழுவலுக்கு மண்ணெண்ணெய், அடுத்ததற்கு ஆல்கஹால். இரண்டுமே தீப்பற்றும். சன்னல் திறந்திருக்கட்டும், சாமி விளக்கு எரியும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று.

முதலாவது, மருந்துக்கடையின் 70 சதவீத ஆல்கஹால். மீதி 30 சதவீதத்தில் பெரும்பகுதி தண்ணீர். பினாங்குக் காற்றில் இருக்கும் ஈரத்தோடு அதுவும் சேர்ந்தால், கிரீஸ் போன எஃகில் ஒரே இரவில் துரு பிடிக்கும்.

இரண்டாவது, நகப்பூச்சு நீக்கி. அதில் அசிட்டோன் இருந்தால் சில வகைப் பிளாஸ்டிக் கூண்டையும் ரப்பர் மூடியையும் கெடுத்துவிடும். கூண்டு என்பது குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் வளையம். அது நெளிந்தால் பேரிங் கதை முடிந்தது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. மோட்டார் சைக்கிள் பட்டறையில் காற்றுக் குழாயை வைத்து உலர்த்துவது. காற்று பட்டதும் பேரிங் ‘வீஈஈ’ என்று கத்திக்கொண்டு சுழலும். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். எண்ணெயே இல்லாத பேரிங் அந்த வேகத்தில் உள்ளே கீறிக்கொள்ளும். உடைந்து தெறிக்கவும் கூடும். காற்றடித்தே தீர வேண்டுமென்றால் இரண்டு வளையத்தையும் விரலால் சேர்த்துப் பிடித்து, சுழலவிடாமல் அடியுங்கள்.

5. உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய்

துணியில் ஒற்றி, முடி உலர்த்தியால் மிதமான சூட்டில் காயவையுங்கள். பிறகு உள்வளையத்தை ஒரு பென்சிலில் மாட்டி வெளிவளையத்தைச் சுண்டுங்கள். ‘சர்ர்’ என்ற வறண்ட ஓசை வந்தால் சரி. எங்கேயாவது தட்டுவதுபோல் விரலில் பட்டால் உள்ளே தூசி இருக்கிறது, மறுபடி கழுவுங்கள்.

இப்படியே விட்டால் நேரம் கூடும். ஆனால் சத்தம் வரும், துருவும் வரும். ஊசி முனையில் தையல் எண்ணெய் ஒரு சொட்டு எடுத்துக் குண்டுகளின் மேல் தொட்டுவிட்டுச் சுழற்றுங்கள். ஒரே சொட்டுதான். நேரத்தில் கொஞ்சம் குறையும். அந்த மென்மைக்கு அது தகும்.

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் உண்டு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். வரவேற்பறையில் நன்றாகச் சுழன்ற ஸ்பின்னர் ஏர்கான் அறைக்குள் போனதும் மந்தமானால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் பிசுபிசுக்கும்.

கழற்றிய ரப்பர் மூடிகளை நடு பேரிங்கில் திரும்ப மாட்டாதீர்கள். ரப்பர் உள்வளையத்தை உரசுவதே ஒரு பிரேக். தூக்கியும் போட்டுவிடாதீர்கள், பையில் வைத்துக்கொண்டு வெளியே போகும்போது மாட்டிக்கொள்ளலாம்.

6. உடலை வரைந்து துளைத்தல்

கவராயத்தை 28 மி.மீ. விரித்துப் பலகையில் வட்டம் போடுங்கள். அதே விரிவோடு வட்டத்தின் மேல் அடி அடியாக வைத்துக்கொண்டே வந்தால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோணமானி தேவையில்லை, அதில் அளந்து வருவதைவிட இது துல்லியம். நடுப்புள்ளியும் இந்த மூன்றும்தான் துளைகளின் மையம்.

28 மி.மீ. ஏன்? துளையின் ஆரம் 11 மி.மீ. இரண்டு துளைகளுக்கு இடையில் 6 மி.மீ. மரம் மிஞ்சும். அதைவிடக் குறைந்தால் பேரிங்கை அழுத்தும்போது பலகை பிளக்கும்.

வெளிவடிவத்தை வெட்டும் முன்பே துளைகளைப் போட்டுவிடுங்கள். வெட்டிய சிறு துண்டைப் பிடித்துக்கொண்டு துளைப்பது கைக்கு ஆபத்து, ஓரமும் சிதறும். போர்ஸ்ட்னர் பிட்டின் நடுமுனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி அந்தப் பக்கமிருந்து முடியுங்கள். இரண்டு முகமும் சுத்தமாக இருக்கும்.

அப்புறம் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் 4 மி.மீ. விட்டு, மூன்று உருண்டைக் கைகளாக வெட்டித் தேய்த்துக்கொள்ளுங்கள். கூரான மூலை எதுவும் வேண்டாம். விரலில் படும் என்பது ஒரு பக்கம். கூரான விளிம்பு காற்றையும் அதிகம் கலக்கும்.

7. பேரிங்கைப் பொருத்துதல்

அழுத்தும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்துங்கள். உள்வளையத்தில் அழுத்தினால் அந்த விசை முழுவதும் ஏழு சிறு குண்டுகள் வழியாகத்தான் போகும். குண்டு உருளும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கரகரப்பு போகாது. வெளிவளையத்தின் மேல் பழைய பேரிங் ஒன்றை நேராக அடுக்கி, அதன் வெளிவளையத்தை கிளாம்பால் மெதுவாக இறுக்குவது நல்ல வழி. சுத்தியல் வேண்டாம்.

துளை கொஞ்சம் தளர்வாக வந்துவிட்டதா? தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை வெளிவளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி அழுத்துங்கள். உடனடிப் பசையை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு துளி உள்ளே வழிந்தால் பேரிங் பாழ்.

கைகளுக்கான மூன்று பேரிங்கையும் போடும் முன் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் சுமார் 12 கிராம் இருக்கும். அவை ஒன்றுக்கொன்று அருகில் இருப்பது முக்கியம். வெவ்வேறு கம்பெனிப் பேரிங்குகளைக் கலக்காதீர்கள். இவை வெறும் எடைதான், கழுவத் தேவையில்லை.

இப்போது பிடி. நைலான் போல்ட், சிறு வாஷர், பேரிங், சிறு வாஷர், நட் என்ற வரிசை. வாஷர் உள்வளையத்தை மட்டும் தொட வேண்டும். ஹார்ட்வேர் கடையின் அகலமான வாஷரைப் போட்டால் அது வெளிவளையத்தின் மேல் ஏறி உட்காரும், ஸ்பின்னர் அசையாது. போல்ட் உள்ளே ஆடினால் அதற்கும் ஒரு சுற்று குழாய் டேப். நட்டை இறுக்கினால் பேரிங் இறுகிவிடும் என்று பலர் பயந்து தளர்வாக விடுகிறார்கள். ஒற்றைப் பேரிங்கில் அந்தப் பயம் வேண்டாம்; வாஷர் சரியாக இருந்தால் நீங்கள் இறுக்குவது உள்வளையம் ஒன்றைத்தான்.

8. சமன்படுத்துதல்

எல்லாரும் அவசரப்படும் இடம் இது. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் இங்கேதான்.

ஒரு கை மற்றவற்றைவிட 1 கிராம் அதிகம், மையத்திலிருந்து 3 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில் அந்த 1 கிராம் உங்கள் விரலை இழுக்கும் விசை சுமார் 1.3 நியூட்டன். அதாவது 130 கிராம் எடை ஒன்று நொடிக்கு 33 முறை திசை மாறி மாறி இழுக்கிறது. வேகத்தின் வர்க்கத்தோடு இந்த விசை கூடுவதால், மெதுவாகச் சுழலும்போது தெரியாத குறை வேகமாகச் சுண்டியதும் அதிர்வாக வரும். அந்த அதிர்வு உங்கள் விரலுக்குள் போய் வீணாகும் ஆற்றல்.

செய்முறை எளிது. போல்ட் படுக்கைவாட்டில் இருக்குமாறு பிடித்து, ஸ்பின்னரைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மெல்லத் தட்டிவிட்டு அதுவே நிற்கும்வரை காத்திருங்கள். கனமான கை கீழே வரும். அதில் பென்சிலால் குறி போட்டு மறுபடி தட்டுங்கள். திரும்பத் திரும்ப அதே கை கீழே வந்தால் மற்ற இரண்டு கைகளின் விளிம்பிலும் சம அளவு களிமண் ஒட்டுங்கள். இரண்டு கைகளுக்கு நடுவில் உள்ள இடம் கீழே வந்தால் மூன்றாவது கைக்கு ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் வேலை முடிந்தது.

ஒட்டிய களிமண்ணை அப்படியே விடாமல், அதே எடைக்குக் கனமான கையின் மரத்தைத் தேய்த்துக் குறைப்பதே நல்லது. களிமண் சூட்டில் இளகி ஒருநாள் பறக்கும்.

பேரிங்கைக் கழுவும் முன் இந்தச் சோதனையைச் செய்தவர்கள் ‘என்னோடது பர்ஃபெக்டா பேலன்ஸ் ஆயிடுச்சு’ என்று வந்து நிற்பார்கள். கிரீஸ் பிடித்து வைத்திருப்பதால் எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிறது, அவ்வளவுதான். கழுவி முடித்ததும் கனமான கை தானாகக் கீழே இறங்கும்.

9. வேகத்தை அளத்தல்

விசிறியை நிறுத்துங்கள். நம் வீடுகளில் மேலே விசிறி ஓடுவது கவனத்திலேயே இருக்காது; ஆனால் அந்தக் காற்று கடைசி அரை நிமிடத்தை மாற்றிவிடும்.

கைப்பேசி வழி: ஒரு கையில் மட்டும் வெள்ளை ஒட்டும் டேப் ஒட்டுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவியக்க முறையில் பதிவு செய்யுங்கள். வெள்ளைக் கை பத்துச் சுற்றுப் போக எத்தனை படம் ஆனது என்று எண்ணுங்கள். 80 படம் ஆனால் ஒரு சுற்றுக்கு 8 படம், நொடிக்கு 30 சுற்று, நிமிடத்துக்கு 1800. ஒரே சுற்றை வைத்துக் கணக்கிட்டால் ஒரு படம் பிசகினாலும் விடை நிறைய மாறும்.

டேப் ஒட்டாமல் எடுத்தால் ஏமாற்றம்தான். மூன்று கைகளும் ஒன்றுபோல் இருப்பதால், நொடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வீடியோவில் நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் ஸ்பின்னர் நின்றுவிட்டதுபோல் தெரியும். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் சரியாக மூன்றில் ஒரு சுற்று போயிருக்கும். ஒரு கை இருந்த இடத்தில் அடுத்த கை வந்து நிற்கும்.

இந்த ஏமாற்றத்தையே கருவியாக்கலாம். மலேசிய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பழைய சோக் வைத்த குழல்விளக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை பிரகாசமாகும். ஆக நொடிக்கு 100 முறை. அதன் கீழே மூன்று கை ஸ்பின்னர் நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தைத் தொடும்போது மூன்று கைகளும் அசையாமல் நிற்பதாகத் தெரியும். 1000-க்கு இறங்கும்போது ஆறு கைகள் நிற்கும். கைப்பேசியே வேண்டாம். பல புதிய எல்இடி விளக்குகளிலும் எலக்ட்ரானிக் சோக் வைத்தவற்றிலும் இது தெரியாது. பழைய அடுக்குமாடி வீட்டு நடைபாதை, பழைய கடை வரிசை போன்ற இடங்களில் சோக் விளக்கைத் தேடுங்கள்.

ஒப்பிடும்போது சுண்டியதிலிருந்து நிற்கும்வரை எண்ணாதீர்கள். ஒவ்வொரு சுண்டலும் வேறு. ஆறு கை நிலையாகத் தெரியும் கணத்தில் கடிகாரத்தை அழுத்துங்கள். 1000-இலிருந்து நிற்கும்வரை எவ்வளவு என்று பாருங்கள். யார் சுண்டினாலும் தொடக்கம் ஒன்றே.

10. எங்கே நேரம் போகிறது

15 நொடிக்கு ஒருமுறை வேகத்தைக் குறித்துக் கட்டத்தாளில் போடுங்கள். கோடு முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு சரிவு குறைந்து, கடைசியில் ஏறக்குறைய நேர்கோடாக முடியும்.

முதல் சரிவு காற்று செய்வது. காற்றின் தடை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தோடு மாறும். வேகம் பாதியானால் தடை கால்பங்காகிவிடும். கடைசி நேர்கோடு பேரிங் செய்வது. அந்த உராய்வு வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை.

எனவே நோய் எங்கே என்று தாளே சொல்லும். கடைசிக் கோடு செங்குத்தாக இருந்தால் மறுபடி கழுவுங்கள், எண்ணெயைக் குறையுங்கள், வாஷரைப் பாருங்கள். தொடக்கம் மிகச் செங்குத்தாக இருந்தால் விளிம்பைத் தேய்த்து உருட்டுங்கள், துருத்தியிருப்பதை அகற்றுங்கள். இது தெரியாமல் பலர் காற்றால் வரும் குறைக்கு விலை கூடிய பேரிங் வாங்குகிறார்கள்.

11. இப்போது எடை

சுழலும் பொருளை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது எடையைப் பொறுத்தது மட்டுமில்லை. அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. தூரத்தின் வர்க்கம் கணக்கில் வரும். கைகளின் மையத்தை 28-இலிருந்து 35 மி.மீ.க்கு நகர்த்தினால், ஒரு கிராம்கூடக் கூட்டாமல் இந்த நிலைமத் திருப்புத்திறன் 56 சதவீதம் உயரும். அதே பலனை எடையால் பெற 12 கிராம் பேரிங்குக்குப் பதில் ஏறக்குறைய 19 கிராம் வைக்க வேண்டும்.

கிளந்தானில் சுற்றும் பெரிய காசிங் பம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். மரத்தட்டின் விளிம்பைச் சுற்றி உலோக வளையம் போட்டிருக்கும். கைதேர்ந்தவர் விட்டால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிற்கும். எடை விளிம்பில் இருப்பதே அங்கேயும் வேலை செய்கிறது.

அப்படியானால் இன்னும் நீளமாக்கலாமா? கொஞ்சம்தான். கை நீள நீள முனையின் வேகம் கூடும், காற்று அதை அதிகம் பிடிக்கும், உள்ளங்கைக்குள்ளும் அடங்காது. எடையை மட்டும் ஏற்றினாலோ விரலால் கொடுக்க முடிந்த தள்ளல் அதேதான். கனமான ஸ்பின்னர் குறைந்த வேகத்தில்தான் கிளம்பும், பேரிங்குக்கும் பாரம் கூடும். 35 மி.மீ., கைக்கு 12 கிராம், இதற்கு மேல் போய் யாரும் சந்தோஷப்பட்டு நான் பார்க்கவில்லை. மாற்றம் எதுவானாலும் எட்டாம் படிக்குத் திரும்பிப் போய்ச் சமன் பாருங்கள்.

12. கையில் பிடித்துப் பாருங்கள்

முதலில் 28 மி.மீ.இல் செய்தீர்களே, அந்த ஸ்பின்னர் 2000 சுற்றில் இருக்கும்போது அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 0.6 ஜூல். ஒரு கோழிமுட்டையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கும் வேலை அவ்வளவுதான். விரலின் ஒரே சுண்டலில் அது உள்ளே போய், நிமிடக்கணக்கில் மெல்ல வெளியே வருகிறது. சின்ன முயற்சிக்கு நீண்ட பலன் கிடைப்பதில்தான் இதன் கவர்ச்சியில் பாதி இருக்கிறது என்பது என் எண்ணம்.

மீதிப் பாதி சாய்க்கும்போது. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து வேகமாகச் சுண்டி, மணிக்கட்டை அரை நொடியில் புரட்டுங்கள். நீங்கள் சாய்க்கும் திசைக்குச் செங்குத்தான திசையில் அது விலகப் பார்க்கும். சுழலும் பொருளின் அச்சைத் திருப்ப வேண்டுமானால் அதன் கோண உந்தத்தின் (சுழலும் வேகமும் நிலைமத் திருப்புத்திறனும் சேர்ந்த அளவு) திசையையே மாற்ற வேண்டும். அதற்கான திருப்புவிசையை உங்கள் விரல்கள்தான் தர வேண்டும். பிடியின் இரு முனைக்கும் 15 மி.மீ. இடைவெளி என்று கொண்டால் ஒவ்வொரு விரலிலும் ஏறக்குறைய கால் கிலோ அழுத்தம் ஒரு கணம் வரும். உயிருள்ள ஏதோ ஒன்று கைக்குள் திமிறுவதாகப் பிள்ளைகள் சொல்வது இந்த அழுத்தத்தைத்தான்.

சமன் இல்லாத ஸ்பின்னரில் இது கிடைக்காது. அதிர்வு எல்லாவற்றையும் மூடிவிடும்.

கவனக்குறைவுக்கும் பதற்றத்துக்கும் இது மருந்து என்று பெட்டியில் அச்சிட்டு விற்றார்கள். அதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. கண்ணை இழுக்கும் பொருள் இது. வகுப்பில் ஒருவர் சுற்றினால் சுற்றியுள்ளவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். தொலைபேசியில் பேசும்போதும் ஃபெரிக்குக் காத்திருக்கும்போதும் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஆசிரியர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

13. பராமரிப்பும் எச்சரிக்கையும்

மூடி இல்லாத பேரிங் தூசியை வாங்கும். சத்தம் மாறினால் அதுதான் அறிகுறி. நான்காம் படியிலிருந்து மறுபடி. பயன்படுத்தாத நாளில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். வியர்வைக் கையால் பேரிங்கைத் தொட்டால் உப்பு ஒட்டி அங்கே முதலில் துருப்பிடிக்கும்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கழன்று விழும் குண்டும் நட்டும் தொண்டையில் சிக்கும்.

விளக்கு எரியும் ஸ்பின்னரைக் கடையில் வாங்கியிருந்தால் பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விரலாலேயே திறக்க முடிந்தால் பேட்டரியை எடுத்துவிடுங்கள். பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.